மீதி ஐந்து

கண்டனூர் வீட்டை அளந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
கோர்ட் உத்தரவின் பேரில்.
தெருவாக்கில் அறுபத்தைந்து அடி,
உள்ளோட்டம் எழுபத்தேழு.
நாடாவின் மறுமுனையில் நின்ற சேவுகன் சொன்னான்:
"துண்டு விழாம நிக்குதேக்கா."

அங்குலமாக்கிப் பெருக்கினேன்.
ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.
எழுநூற்று இருபதை யாரோ
காது கேளாதவருக்கு இரண்டு முறை சொன்ன மாதிரி.

வழக்கில் பதினாறு பேர்.
பதினாறால் வகுத்தேன், போயிற்று.
சந்தேகம் வந்து பதினைந்தால், பதினான்கால்,
எதற்கும் மசியாத பதின்மூன்றால்,
முரட்டுப் பதினொன்றால், ஏழால்,
ஒன்று வரை இறங்கிவிட்டேன்.
எங்கும் மீதி இல்லை.
இத்தனை பேரையும் மடியில் வைத்துக்கொள்ளும் எண்களில்
இதுதான் ஆகச் சிறியது.
வகுத்திகள் மட்டும் இருநூற்று நாற்பது,
ஒரு கோயிலின் புள்ளிக் கணக்கு போல.
கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்திருக்காது.

ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து
சதுர அங்குலம், சுவரும் சேர்த்து.
அன்றே தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாய்தாவுக்கு
ஈப்போவிலிருந்து தெய்வானை வந்திறங்கினார்.
பிறப்புச் சான்றிதழ், தகப்பனார் கையெழுத்து,
சுவரில் மாட்டிய படத்தில் உள்ள அதே மூக்கு.

பதினேழு
அந்த எண்ணுக்குள் இல்லை.
தானும் பகாது, இங்கே பகுக்கவும் விடாது.
ஐந்து சதுர அங்குலம் மிஞ்சுகிறது,
முன்கதவில் தொங்கும் பூட்டு
படுத்துக்கொள்ளும் அளவு.

எதிர்த்தரப்பு வக்கீல் சோலையப்பன் எழுந்தார்:
"வீடே இந்த அம்மாளை ஏற்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே."

என்னைக் கேட்டார்கள்.
பதினெட்டு பேர் என்றால் மீதியே இல்லை, என்றேன்.
ஆளுக்கு நாற்பதாயிரத்து நாற்பது.
பதினெட்டுக்கு வேண்டிய இரண்டும் ஒன்பதும்
முன்பே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.
அதற்காக, வராத ஒருவருக்குப் பங்கு கொடுப்போமா?
நீதிபதி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில்
டிக்கெட்டின் பின்புறம்
அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன்.
ஒன்றே ஒன்றுதான்.
இரண்டு முதல் பதினாறு வரை
ஒவ்வொருவர் கையிலும் ஒன்று மிஞ்சியது.
பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று
யாருக்கும் திறக்கவில்லை.
காரைக்குடி வண்டி ஒன்று போயிற்று.
எழுபத்தொன்றில் திறந்தது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
அறிக்கையின் கடைசி வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்:
பங்கு பதினேழு.
மீதி ஐந்து ச.அங்., பூட்டுக்கு.

சாவி எத்தனை என்று
சேவுகன் கேட்டான்.