கீழ்த்தாடை

மிஷன் வீதி, இரும்புக்கடை மாடி.
டாக்டர் இல்லை நான்;
டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப்
பல்செட் கட்டுகிறவன்.

ஒத்மார் நேராக என்னிடமே வந்தார்,
தானே புயலுக்கு மறுவாரம். கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தியைக் கிட்டே பிடித்தேன்:
மேலே மூன்று பல், கீழே வெறும் ஈறு,
மேல்வரிசையைத் தாண்டி
ஒரு விரற்கடை வெளியே நிற்கும் தாடை.

நேராக்கித் தரேன் சார், மெல்ல சௌகரியம் என்றேன்.
எழுந்துவிட்டார்.
"இத நேராக்கிட்டா எங்கிட்ட வேற என்னய்யா இருக்கு?"
சுத்தமான குருசுக்குப்பத்துத் தமிழ்.

கூலியைத் தவணையில் தந்தார்,
கதையையும்.
ஹாப்ஸ்பர்க் என்று ஒரு வம்சமாம்.
சொந்தத்திலேயே கட்டிக் கட்டித்
தாடை நீண்டுபோன வம்சம்.
(அக்கா மகளைக் கட்டியவன் நான்.
வாயைத் திறக்கவில்லை.)
அப்பா இளவரசர்.
அம்மா துறைமுக ஹோட்டலில் பியானோ வாசித்தவள்.
மாதா கோயிலில்தான் தாலி, அதாவது மோதிரம்;
பதிவேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் காணோம்.
நாற்பது வருஷமாய் வழக்கு.
நாடு கேட்டு இல்லை,
அது எப்போதோ கலைந்துபோச்சு,
சிம்மாசனத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள்.
பெயருக்கு முன்னால் ஒரு சொல். அவ்வளவுதான் கேட்டது.

தொழிலில் முதன்முறையாய்
கோணலை அளந்து கோணலாகவே கட்டினேன்.
கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.
அந்தப் பல்லால் வடைகூடக் கடிக்க முடியாது.
இரண்டு இட்லியை சாம்பாரில் ஊறப்போட்டு
ராஜா மாதிரி விழுங்கினார், ஆறு வருஷம்.
இப்போது உப்பளம் கல்லறையில்.

போன மாசம் ஒரு வக்கீல், வியன்னாவிலிருந்து.
மகள் வழக்கைத் தொடர்கிறாளாம்,
சாட்சிக்கு அந்த மாவுக்கட்டு அச்சு வேண்டுமாம்.
என் அலமாரியில் இருநூறு தாடை,
மழை ஈரத்தில் பெயர்ச்சீட்டெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது.
துருத்தி நின்றவை இரண்டு.
ஒன்று ஒத்மார்.
இன்னொன்று வைத்திக்குப்பம் அஞ்சலாட்சி,
மீன் ஏலத்தில் அவள் சொன்னதே விலை,
எதிர்த்து யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை.

விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டி,
கட்டைவிரலால் தடவித் தடவி
ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.
பஞ்சு சுற்றிக் கொண்டுபோனார்.

நேற்று செட்டைத் தேய்க்கச் சொல்லி வந்த
அஞ்சலாட்சியிடம் மற்றதை நீட்டினேன்.
உன்னுதுதானே?
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எனக்கு ஏதுய்யா
இவ்ளோ சின்ன வாயி?"