காணப்பட்டது

அங்காரா. கட்டுமானப் பொறியியல், மூன்றாம் ஆண்டு.
பேராசிரியர் ஜெவ்தெத் துருக்கியர்.
நாங்கள் நாற்பது பேரும் துருக்கியர்.
வகுப்பு மட்டும் ஆங்கிலம்.
அவர் ஒரு நகைச்சுவை சொன்னால்
ஒரு மூச்சு பிந்திச் சிரிப்போம்,
அது பெயர்ந்து வந்து சேர்ந்த பிறகு.
வகுப்பு முடிந்து வாசலில் நின்று
"வெளியே பனி உறைஞ்சு கிடக்கு, பார்த்து நடங்க" என்பார்
எங்கள் மொழியில்.
அதற்கு ஒருவரும் பிந்துவதில்லை.

ஆய்வகத்தில்
ஈரக் கான்கிரீட்டைக் கூம்பில் குத்தி நிரப்பி
கூம்பை உருவியதும் எவ்வளவு அமர்கிறது என்று அளப்போம்.
ஸ்லம்ப்.
கோடையில் வீட்டுக்குத் தளம் போட வந்த கொத்தனார்
"படிச்ச பிள்ளை, கலவை எப்படி இருக்குன்னு சொல்லும்மா" என்றார்.
எண் தெரிந்தது. எட்டு சென்டிமீட்டர்.
சொல் வரவில்லை.
காற்றில் கையால் ஒரு சரிவு வரைந்தேன்.
மரியாதையாகத் தலையாட்டினார்.

எங்கள் வினைகளுக்கு ஒரு வால் உண்டு: மிஷ்.
கண்ணால் கண்டால், விழுந்தது.
காதால் கேட்டால், விழுந்ததாம்.
நாலு வயதுப் பிள்ளைக்கும் பிசகாது.
வாலை விட்டுச் சொன்னால்
சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டாய் என்று பொருள்.

அறிக்கை எழுதுவதில் இந்தத் தொல்லை இல்லை.
விரிசல் காணப்பட்டது.
கண்டது யார் என்று மதிப்பெண் போடுகிறவர் கேட்பதில்லை.
மூன்று வருடம் அப்படியே எழுதினேன்.
அறைத்தோழி ஷெங்குல்
தன் அறிக்கைகளையும் என்னிடம்தான் திருத்தத் தருவாள்.

மார்ச்சில் தம்பி துன்ஜாய் அழைத்தான்.
பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டுகிறார்கள்,
நம் சமையலறைச் சுவர் போச்சு என்றான்.
அத்தையையும் இணைப்பில் சேர்த்து
நானே சேதி சொன்னேன்:
"சுவர் விரிந்தது அத்தை. மேலிருந்து கீழ்வரை."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
பிறகு,
"எப்போ வந்தே?
வந்துட்டு என்னைப் பார்க்காமலே திரும்பிட்டியா?"

"அங்காராவில்தான் இருக்கேன் அத்தை."

"பின்னே நேரில் நின்ன மாதிரி சொல்றே?"

துன்ஜாய் சிரித்தான்.
"அக்கா பேசறது இங்கிலீஷ் அத்தை. வார்த்தைதான் நம்மது."

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்:
"மறந்துட்டேனாம்."

மறதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.
மறக்கிற நேரத்தில்
விழித்திருந்து பார்த்தவர் யார்?
தொலைத்ததாக நினைத்த வால்
கூப்பிடாமலே வந்து ஒட்டியிருந்தது.
அத்தை சமாதானமாகி
பாதாம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நள்ளிரவில் துன்ஜாயிடமிருந்து ஒரு படம்.
அளவுக்காக ஒரு லிரா நாணயம்;
அதன் விளிம்பு விரிசலுக்குள் போய்விட்டது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பார்த்தேன் என்றா சொல்வது?
படத்தில் வந்த சுவர்
கண்டதா, கேட்டதா?
பதில் எழுதிக்கொண்டே வந்து
வினையருகே நின்றேன்.
அழித்தேன்.

"தோண்டுவதை நிறுத்தச் சொல்" என்று மட்டும் அனுப்பினேன்.
ஏவலுக்கு வால் வேண்டாம்.