ஐந்து மில்லிகிராம்

போத்தலின் முதுகில், கடைசி வரியில்,
எறும்பெழுத்தில் இருந்தது அது:
கருமிளகுச் சாறு, ஐந்து மில்லிகிராம்.
முன்பக்கத்தில் மஞ்சள் மட்டும்,
சூரியன் அளவுக்கு.

ஸ்கார்பரோவிலிருந்து தங்கச்சி அனுப்பினது
என்றார் கோணாமலை அண்ணை.
முழங்கால் நோவுக்காம்.
குடிக்கலாமோ?

அன்றைக்குக் கிளினிக் நாள்.
மருந்துத் துண்டுகள் கம்பியில் குத்தி நிறைந்திருந்தன.
யாரோ ஒரு குழந்தையின் பாணிமருந்தை
ஒரு கையால் குலுக்கியபடி
மற்றக் கையால் போத்தலைத் திருப்பிப் பார்த்தேன்.
"ரசத்துக்குப் போடுறதுதானே அண்ணை.
பத்து மிளகிருந்தால்
பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்."
சிரித்தார். நானும்.

பதினொரு வருசம் அவருக்கு எண்ணிக் கொடுத்திருக்கிறேன்
வலிப்புக் குளிசை.
இரவுக்கு மூன்று. வெள்ளை.
கடதாசி உறையில் என் கையெழுத்து.
அன்றைக்கும் கொடுத்தேன்.
போத்தலும் உறையும் ஒரே பைக்குள் போயின,
முன்பின் தெரியாத இரண்டு பேர்
ஒரே ஓட்டோவில் ஏறுவதுபோல.

மூன்றாம் கிழமை
சீனன்குடா மாவாலையில்
மூட்டை எண்ணிக்கொண்டு நின்றவர் தள்ளாடினாராம்.
மேற்பார்வையாளர் கிட்டப் போய் வாயை முகர்ந்தாராம்.
ஏவறையில் மஞ்சள் மணம்.
என்றாலும்
விடியவே ஏத்திப்போட்டு வந்திட்டான் என்று
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் இறங்கி,
குப்பைத்தொட்டியை மேய்ந்துகொண்டு நின்ற புள்ளிமானை
இரண்டு மானாகக் கண்டு,
இல்லாத மானுக்கு வழிவிட்டு
வடிகானுக்குள் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள்.
வலிப்பு மருந்து கூடிப்போச்சு.
எத்தனை போட்டனீர்?
மூன்று.
உண்மையைச் சொல்லும்.
மூன்று, சேர்.

அவர் மனைவி புனிதவதி
உறையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.
எண்ணிப் பாருங்கோ என்றாள்.
எண்ணினேன். கணக்குச் சரி.
கணக்குச் சரியாயிருந்ததுதான்
என் வயிற்றைக் கலக்கியது.

இரவு படித்தேன்.
மிளகின் உறைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, பைப்பரின்.
அது தானாக எந்த நோவையும் ஆற்றுமா
என்பதில் பெரிய நிச்சயமில்லை.
அதன் தொழில் வேறு.
உள்ளே வருகிறதை மறித்து
அடையாளம் கேட்டு
கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி
மிச்சத்தை உடைத்துக் கழிக்கிற காவல்
குடலிலும் உண்டு, ஈரலிலும் உண்டு.
அந்தக் காவலைப் பேச்சுக்கொடுத்து நிற்பாட்டி வைக்கும்.

சோதனைச்சாவடி கண்ட ஊர் இது.
விளங்க எனக்கு நேரமெடுக்கவில்லை.
சென்றிக்காரன் சிகரெட் பற்றவைக்கிற இடைவெளியில்
ஒரு லொறி போய்விடும்.
மஞ்சளுக்கென்று திறந்த கேற்றுக்குள்ளால்
பின்னால் நின்ற வெள்ளைக் குளிசையும் போயிருக்கிறது.
போனது வெளியே வரவில்லை.
நேற்றையது, முந்தநாளையது,
அதற்கு முந்தினது,
எல்லாம் இரத்தத்துக்குள்
பாய் விரித்துப் படுத்துக் கிடந்திருக்கிறது.

பழமொழி சொன்னவன்
பகைவன் போட்ட சோற்றைத்தான் யோசித்திருக்கிறான்.
டொக்டர் தந்த மருந்தை யோசிக்கவில்லை.
அவனைக் குற்றம் சொல்லி என்ன?
அவன் பாமசி நடத்தவில்லை.

விடிய டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்,
போத்தலைப் பற்றி,
பின்பக்க வரியைப் பற்றி.
நான் சொன்ன பழமொழியைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தார் அண்ணை.
கன்னம் ஒட்டியிருந்தது, நடை நேராயிருந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
போத்தலை மேசையில் வைத்தார்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்று
ரசம் குடிக்கலாமோ என்றார்.

வாயில் வந்ததை விழுங்கினேன்.
எவ்வளவு குடிப்பீங்கள், எத்தனை நாளைக்கு,
வேற என்னென்ன போடுறீங்கள், எல்லாம் சொல்லுங்கோ
என்று பேனையை எடுத்தேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
அவர் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினார்.

போத்தல் இன்னும் என் லாச்சிக்குள்தான் கிடக்கிறது.
முப்பத்தெட்டு மிச்சம்.
குப்பையில் போட்டால்
மான் தின்னும்.