இடது காலுக்கு மட்டும்

காலை ஐந்து நாற்பதுக்கு
பேரணாம்பட்டில் கம்பெனி வண்டி ஏறும்போது
நேற்று விட்ட இடத்தை யாராவது ஒருத்தி
சோற்று டப்பாவோடு சேர்த்துக் கொண்டுவந்திருப்பாள்.

இன்று கொண்டுவந்தவள் நான்.

எட்டு வருஷமாக
இடது கால் ஷூவுக்கு மட்டும் மேல்தோல் தைக்கிறேன்.
வலது வேறு லைன், வேறு சூப்பர்வைசர்,
அங்கே மின்விசிறி உண்டு.
"அப்போ நீ தைக்கிறது ஷூவா, பாதி ஷூவா?"
என்று மெஹருன்னிசா கேட்டது நேற்றுச் சாயங்காலம்.
வாய் திறப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது கூடவே நின்றது.
பையனுக்குப் பின்னக் கணக்கு சொல்ல உட்கார்ந்தால்
அங்கேயும் காலை நீட்டிப் படுத்திருந்தது.
பாதி என்று ஒன்று தன்னால் உண்டா,
முழுசைப் பார்த்த கண்ணுக்கு மட்டும்தான்
பாதி தெரியுமா?

சொன்னேன்.
வண்டி பிடித்துக்கொண்டது.

முன்சீட்டிலிருந்து ரோஸ்லின், திரும்பாமல்:
"அவர் போனப்புறம் நான் முழுசா, பாதியா?"

கொஞ்ச தூரம் இன்ஜின் மட்டும் பேசியது.
டிரைவர் தசரதன் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

பெரியவரிகத்தில் பவுனம்மா ஏறினாள்.
"இன்னாடி, எல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுனு கீறீங்க?"
அவளுக்காகக் கேள்வியை முதலிலிருந்து சொன்னோம்.
மூன்று பேர் சொன்னதில் மூன்று விதமாகிவிட்டது,
எது அசல் என்று எனக்கே சந்தேகம்.
பவுனம்மா பூவைச் சரிசெய்துகொண்டு யோசித்தாள்.
"என் ஆளு உசுரோடதான் கீறான்.
அவனையும் சேத்து நாந்தான் சுமக்கறேன்.
அப்போ நான் ஒண்ணரையா?"

ரோஸ்லின்தான் முதலில் சிரித்தாள்.

இதற்கிடையில் எங்கேயோ வேலூர் மாவட்டம் முடிந்து
திருப்பத்தூர் மாவட்டம் ஆரம்பிக்கும்.
அந்தப் பலகையை ஒரு நாளும் பார்த்ததில்லை.
பேச்சில் இருப்பவர்களுக்கு
எல்லாம் இன்னும் வட ஆற்காடுதான்.

பாலாற்றுப் பாலம் வந்தது.
கீழே மணல் தோண்டிய குழிகள், சீமைக்கருவேலம்,
ஓர் ஓரமாகத் தோல் ஷாப்புத் தண்ணீர்,
பேர் வைக்காத ஒரு நிறத்தில்.
"இது ஆறா, பாதி ஆறா?" பவுனம்மா விடவில்லை.
மெஹருன்னிசா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள்.
"ஆறு இல்லன்னா
தெனம் நாம எத்தத் தாண்டறோம்?"

வண்டி மெதுவானது.
குழி இல்லை, மாடு இல்லை,
எதிரில் லாரி இல்லை.
அந்த வாக்கியம் பாலம் முடியும்வரை இருக்கட்டும் என்று
தசரதன் நினைத்திருக்க வேண்டும்.

ரெண்டு நிமிஷம் லேட்.
கேட்டில் மிஷின் எங்கள் விரலை வாங்கிக்கொண்டு
நாற்பத்தோரு பேருக்கும்
அரை நாள் சம்பளத்தை வெட்டியது.

அன்று முழு நாளும் தைத்தேன்.
நூற்று எண்பது இடது கால்கள்.
எந்தப் பாதிக்குக் கூலி, எந்தப் பாதி இனாம் என்று
தையலைப் பார்த்தால் தெரியவில்லை.

சாயங்காலம் சிலர் தசரதனைத் திட்டினார்கள்.
"எங்களுக்காக மெதுவாப் போகச் சொன்னமா?"
அவர் கண்ணாடியைத் திருப்பிவைத்தார்.
"உங்களுக்கு இல்லம்மா. எனக்கு."
நாலு வருஷத்தில் எங்கள் பேச்சுக்குள்
அவர் வைத்த முதல் காலடி.
அவர் சம்பளத்திலும் வெட்டினார்களா என்று
கேட்க வெட்கமாக இருந்தது.

பாலத்தின் மேல், இருட்டில், ரோஸ்லின்:
"எங்கியோ குளிர்ற ஊர்ல ஒத்தக்கால் ஆளு ஒருத்தன் இருப்பான்.
இடது மட்டும்.
அவனுக்கு நீ தைச்சது முழுசுடி."

அவனுக்கு ஒரு முகம் வைத்துப் பார்த்தேன்.
நரைத்த மீசை. மாடிப்படி ஏறுகிறான்.
கயிற்றை இழுத்துக் கட்டியிருக்கிறான், என் தையல் தாங்குகிறது.

"அப்போ வலது மட்டும் இருக்கறவன்?"
பவுனம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.
"ஜோடியா வாங்கி
ஒன்ன இன்னா செய்வான்?"

பெரியவரிகம்.
நேற்றைய மழைக்கு ஸ்டாப்பெல்லாம் சேறு.
ரெண்டு செருப்பையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு
இறங்கி நடந்தாள்.