தலை எண்ணிக்கை

ஃபின்லாந்தின் வடக்கே, ஜூன் மாதம்
இரவு என்று ஒன்று கிடையாது.
பதினொன்றரை மணிக்கும் ஏரிமேல் வெயில்,
யாரோ அணைக்க மறந்த விளக்கு மாதிரி.
பேய்க்கதை சொல்ல இருட்டே இல்லையே என்று
ஆர்னி அலுத்துக்கொண்டான்.

முகாமுக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர்.
முதல் நாளே கைபேசிகளை வாங்கி
ரைசா பெட்டியில் பூட்டிவிட்டாள்.
இரண்டாம் நாள் சௌனாவில் வெந்து,
கத்திக்கொண்டே ஓடி ஏரியில் குதித்தோம்.
ஏறி வந்தபோது பலகையில் ஈரத்தடங்கள்
கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன.
ஈரத்தை யார் எண்ணுவார்கள்?

மூன்றாம் நாள் காலை
கஞ்சிக் கிண்ணம் ஒன்று குறைந்தது.
ரைசா விரல் நீட்டி எண்ணினாள்.
பதின்மூன்று.
மறுபடி எண்ணினாள். சிரித்தாள்.
தூக்கம் போதவில்லை என்றாள்.
நாங்களும் எண்ணினோம்.
கொடுமை என்னவென்றால்
அந்நிய முகம் ஒன்றுகூட இல்லை.
எல்லோரோடும் சீட்டாடியிருக்கிறோம்.
எல்லோருடைய செருப்பும் வாசலில் கிடந்தது.

கொசுதான் வழி சொன்னது.
"உயிர் இருக்கிற ரத்தத்தைத்தான் அது தேடும்"
என்றாள் பீஹ்லா.
சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினோம்.
தடித்த திட்டுகள், நகம் பட்டுக் கசிந்த புள்ளிகள்,
வரிசையாகப் பன்னிரண்டு ஜோடிக் கைகள்.
துயிஸ்குவின் கைகள் மட்டும்
எழுதாத தாள்.
"சின்ன வயசிலிருந்தே என்னைக் கடிக்காது.
அம்மாவைக் கேளுங்க."
கேட்பதற்கு ஃபோன் இல்லை.

ஐந்தாம் வகுப்பிலிருந்து அவளைத் தெரியும் எனக்கு.
சொல்லியிருக்கலாம்.
ஆனால் அந்த வெளிச்சத்தில்
பன்னிரண்டு பேரையுமே
ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரிந்தது.

ஒரே ஒரு ராத்திரி என்றோம்.
அதோ அந்தப் பாறைத்தீவு, கூப்பிடு தூரம்.
வெளிச்சம்தான் இருக்கிறதே, பயமென்ன?
மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
படகில் ஏறினாள். அழவில்லை.
ஒரு துடுப்பு ஆர்னி.
இன்னொன்று நான்.
திரும்பும்போது படகு லேசாக இருந்தது,
அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

காலையில் ரைசா எண்ணினாள்.
பன்னிரண்டு.
அவள் விட்ட பெருமூச்சில்
காகிதம் படபடத்தது.
பிறகு பெயர்களை வாசித்தாள்.
ஆர்னி. இருக்கேன்.
பீஹ்லா. இருக்கேன்.
துயிஸ்கு.

"இருக்கேன்."

எனக்குப் பின்னால், மிக அருகில்,
அவள் குரலிலேயே.
யாரும் திரும்பவில்லை.
நகம் தோலைச் சொறியும் சத்தம் மட்டும்
நிற்காமல் கேட்டது.

நண்பகலில் தீவின் நுனியில்
மஞ்சளாக ஏதோ அசைந்தது.
"என்ன அது?" ரைசா கண்ணைச் சுருக்கினாள்.
"பறவை" என்றான் ஆர்னி.
"பெரிய பறவை" என்றேன்.
மூன்று மணிக்குப் பேருந்து வந்தது.
எண்ணிக்கை சரியாக இருந்தது.

இப்போது நவம்பர்.
மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது.
வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு.
முழுக்கைச் சட்டை. கணக்கில் கெட்டிக்காரி.
துயிஸ்குவின் அம்மா தினமும் காரில் வந்து
நெற்றியில் முத்தமிட்டு அழைத்துப் போகிறாள்.
நேற்று என்னிடம் பேனா கேட்டாள்.
கொடுத்தேன்.
விரல்கள் ஈரமாக இருந்தன.
"நன்றி" என்றாள்,
ஒரு பேனாவுக்குத் தேவையானதைவிட
ரொம்ப நேரம் என்னைப் பார்த்து.