நூற்றுக்கு ஒன்று

எங்கள் பட்டறையில் ஓர் அளவுகோல் உண்டு.
பொய் சொல்லும்.
நூறு என்று கோடு கிழித்த இடத்தில்
நூற்றியொன்று இருக்கும்.
ஆறும்போது இரும்பு தன்னை ஒடுக்கிக்கொள்ளும்,
நூற்றுக்கு ஒன்று.
அதை முன்பணமாய்க் கொடுத்துவிடத்தான்
அந்தக் கோல் அப்படி.

ஷாஃப்ஹவுசனில் எனக்கு இது ஆறாவது பனிக்காலம்.
இந்த வாரம் ஒரு தண்ணீர்ப் பம்பின் கூடு,
நத்தையாய்ச் சுருண்ட வயிறு.
மேப்பிளில் கடைந்து, ஒட்டி, சிவப்புப் பூசினேன்.
பக்கங்களைச் சற்றே சாய்த்தேன்,
செங்குத்தாய் நின்றால் மணல் விடாது.
கம்பனியின் பெயர்
என் மரத்தில் நேராக,
மணலில் இடம் வலமாக,
இரும்பில் மறுபடி நேராக.

ஷ்பெண்டிம் மணலைப் பிடித்து, அழுத்தி, முறித்துப் பார்ப்பான்.
களியும் கரித்தூளும் கலந்த கறுப்பு மணல்.
பிடித்தால் பிடிபடவேண்டும், தொட்டால் உதிரவேண்டும்.
புட்டு மாப் பதம், என்றேன்.
புட்டு என்றால் என்ன, என்றான்.
பிறகு சொல்கிறேன், என்றேன்; இன்னும் சொல்லவில்லை.

கீழ்ப்பெட்டி, மேற்பெட்டி.
இடித்து இறுக்கி, திறந்து,
மூச்சைப் பிடித்தபடி மாதிரியை உருவுகிறான்.
மணலில் இப்போது ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
பதினொரு நாளாய்ச் செய்தோம்.
அதன் நடுவே கருவை இருத்துகிறான்.
அதுவும் மணல்தான்.
நாளை தண்ணீர் ஓடப்போகும் வழியை
இன்றைக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது.

வியாழன் பத்து மணி. ஆயிரத்து நானூறு பாகை.
கசடு வழித்தாயிற்று.
ரெகுலா ஷ்டெம்லர் ஒரு சின்ன ஆப்பை வார்த்து, குளிர்த்தி,
சுத்தியலால் உடைத்து, முறிந்த முகத்தைப் பார்க்கிறாள்,
மீன் வாங்குகிறவள் செவுளைப் பார்ப்பதுபோல.
நுனியில் வெள்ளை மூன்று மில்லிமீட்டர்.
ஊற்று, என்கிறாள்.

தொடங்கினால் நிறுத்தக்கூடாது.
இருமல் வந்தாலும் விழுங்கவேண்டும்.
நடுவில் தயங்கினால்
இரண்டு பக்கத்தாலும் வந்த இரும்பு
சந்தித்தும் சேராது,
ஒரு மடிப்பாய் நின்றுவிடும்.
காற்றுத் துளைகளில் நீலச் சுடர்கள் எழும்பின.
மேல்வாயில் செம்மஞ்சள் எட்டிப் பார்த்தது.
எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கோல்
தெரியாமல் என் பைக்குள் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆரபிக்குப் பதினொரு வயது.
நூற்றைம்பது சென்டிமீட்டர் ஆனால்
காரில் பிள்ளை இருக்கை தேவையில்லை, இது இந்த நாட்டுச் சட்டம்.
கதவோடு நிறுத்தி, உச்சியில் பென்சில் கோடிட்டு,
கோலை இரண்டுதரம் வைத்து அளந்தேன்.
நூற்று நாற்பத்தெட்டரை.
அவள் அழவில்லை.
சனிக்கிழமை வின்டர்தூர் போய்வரும்வரை
அந்த இருக்கையில் நிமிர்ந்து இருந்தாள்,
ஒரு வார்த்தை இல்லை.

அன்று பின்னேரம் குகதாசன்
சுவர்க் குழிக்குள் தட்டுப் பொருத்தினான்.
நான் அளந்து சொன்னது எண்பது,
கடையில் அறுத்துத் தந்தது எண்பது.
பலகை ஒரு பக்கம் நழுவித் தொங்கியது.
"உங்கட ஆலையில அளக்கவும் தெரியாதோ?"
இடைவெளிக்குள் அவன் சுண்டுவிரல் நுனி.
எட்டு மில்லிமீட்டர்.

கோலைத் திருப்பினேன்.
மூலையில், எறும்பு அளவில், ஒரு வீதம்.

"ஆரபி, இஞ்ச வா."
வந்தாள். கணக்கைச் சொன்னேன்.
"சரியான கோல் எங்க?"
தையல் பெட்டி நாடாவை அவளே எடுத்து வந்தாள்,
அவளே பிடித்தாள், அவளே வாசித்தாள்.
கதவில் கோடு ஒன்றுதான்.
பக்கத்தில் இப்போது இரண்டு எண்கள்.
முதலாவதை அழிக்கவிடமாட்டாளாம்,
எனக்குக் காட்டுவதற்காம்.

திங்கள் காலை கூட்டை மணலிலிருந்து உடைத்தெடுத்திருந்தார்கள்.
மேல்வாயை அறுத்து, பிசிறு தேய்த்து,
ரெகுலா நேர்மையான கோலால் அளந்து தலையாட்டினாள்.
என்னிடமிருந்த கோலை
ஒன்றும் கேட்காமல் வாங்கி ஆணியில் மாட்டினாள்.

ஷ்பெண்டிமின் மகனுக்கு ஐந்து வயது.
இருக்கையை அவனிடம் கொடுத்தேன்.
கையுறையைக் கழற்றாமலே வாங்கினான்.
நீலத் துணியில் ஐந்து கறுப்பு விரல்கள்.
கழுவினால் போகும், என்றான்.
எனக்குத் தெரியும், போகாது.