அசையாதீங்க

நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில்
எனக்கு இரண்டே வாக்கியம்.
மூச்சை இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.
வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்கு
நொர்பேன் நா.
பாதிப் பேர் அசைவார்கள்.
இருமல் வந்தால் யார்தான் என்ன செய்ய.

சாரதி மாளிகை மாடியில்
இம்தாதுல்லா கடையில் நின்றன மூன்று ட்ரைபாட்.
கார்பன், ஒன்றேகால் கிலோ.
விலை சொல்லும்போது அவரே குரலைத் தாழ்த்தினார்.
அலுமினியம் இரண்டரை.
"நம்ம ஊர் வெயில்ல தொட்டா கை வெந்துடும் மேடம்,
சைக்கிள் ஹேண்டில் ஸ்பாஞ்ச் சுத்திக்கங்க."
மூன்றாவது நாலு கிலோ,
கல்யாண வீடியோக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது.
முழங்கால் மடிப்பில்
குங்குமமா துருவா தெரியவில்லை.

ஆளுயரத்துக்கு இழுத்து
ஒவ்வொன்றின் உச்சியிலும் உள்ளங்கை வைத்து அழுத்தினேன்.
நடுத்தண்டை ஏற்றியதும்
கார்பன் தலையாட்டியது
டாக்டர் எது சொன்னாலும் ஆட்டுகிற
மச்சினன் மாதிரி.
கடை ஏசியில் எதுதான் நிற்காது.
காற்று பாலாற்றில் அல்லவா இருக்கிறது.

இறங்கி வந்து டீ குடித்தேன்.
பெஞ்சுக்கு நாலு கால்,
ஒன்று அந்தரத்தில்.
சிகரெட் அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள்,
அப்படியும் டக் டக்.
மூன்று கால் உள்ளதற்கு இந்தச் சங்கடம் இல்லை.
எந்தப் பள்ளத்திலும்
மூன்றும் தரையைத் தொட்டுவிடும்.
பாக்கிக் காசை எண்ணாமல்
மறுபடி மாடி ஏறினேன்.

நாலு கிலோவை ஸ்கூட்டியில்
கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு போனேன்.
சிக்னலில் ஒருவர் கேட்டார்,
"நிலம் அளக்கவா?"

மணல் அள்ளிய குழிகளுக்கு நடுவே
மிச்சமிருந்த ஒரு மேடு.
காலுக்கொன்றாய்
மூன்று கொட்டாங்குச்சி கவிழ்த்தேன்,
மணல் விழுங்காமலிருக்க.
கடைசிக் கணுவை நீட்டவில்லை,
அதுதான் எப்போதும் மெலிவு.
கொக்கியில் பை, பைக்குள் இரண்டு செங்கல்.
பை தரையை லேசாக உரசட்டும்,
ஊஞ்சலாடினால் அதுவே வினை.

முப்பது நொடி திறந்து வைத்தேன்.
ரயில் பாலத்தில் ஏறியது
காட்பாடிப் பக்கமிருந்து.
சீமைக்கருவேலம் முழுதும் குலுங்கிற்று,
துப்பட்டா பறந்து முகத்தில் அடித்தது.
யாருக்கும் எதுவும் சொல்லவில்லை நான்.
எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினாறு, பதினேழு,
மூச்சைப் பிடித்திருப்பது நான்தான் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

பத்தொன்பதில் இருமல் வந்தது.
இரண்டடி தள்ளிப் போய்
தாராளமாக இருமினேன்.